ஈரம் காயுமுன்

அசிசி நகருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் புனித பிரான்சிசின் கல்லறை இருக்கும் பேராலயத்துக்குத்தான் நேரே போவார்கள். நான் ஊரின் மறுகோடியில் இருக்கும் புனித கிளாரா ஆலயத்துக்கு முதலில் போனேன். அதன் வலப்புறச் சிற்றாலயத்தில் 12-ஆம் நூற்றாண்டுச் சிலுவை ஒன்று தொங்குகிறது. வால்நட் பலகையில் துணியை ஒட்டி, அதன்மேல் கிறிஸ்துவின் உருவத்தைத் தீட்டியிருக்கிறார்கள். ஆளுயரத்துக்குச் சற்றே கூடுதலான சிலுவை. கிறிஸ்துவின் கண்கள் அகலத் திறந்து நேரே பார்க்கின்றன. 1206 வாக்கில், இடிந்துகொண்டிருந்த சான் தாமியானோ கோவிலில், ஒரு துணி வியாபாரியின் மகன் இந்தச் சிலுவைக்கு முன்னால் மண்டியிட்டிருந்தான். இடிந்து விழும் தன் வீட்டைச் செப்பனிடும்படி சிலுவை அவனிடம் பேசியதாக மரபு. அந்த இளைஞன்தான் பிரான்சிஸ். கேட்ட சொல்லுக்கு அவர் உட்பொருள் தேடிக்கொண்டிருக்கவில்லை. தகப்பனின் துணியை விற்றார், தெருத்தெருவாகப் போய்க் கல் யாசித்தார், தோளில் சுமந்து வந்து சுவரைக் கட்டினார்.

அன்று அந்தச் சிற்றாலயத்தின் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் சிலுவையை ஓவியமாகப் பார்க்கவில்லை. உதடுகள் அசைய அதனோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது மரமும் துணியும் வண்ணமும் சேர்ந்த ஒரு பொருளோடு என்பதை யோசித்தபடி நின்றேன். எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர்கள் திருவுருவங்களை ஒழிக்க முனைந்தபோது, தமஸ்கு நகர் யோவான் படங்களுக்காக வாதாடினார். கடவுளே உடலெடுத்து வந்தபின் பொருளை இழிவென்று ஒதுக்க முடியாது என்பது அவர் வாதத்தின் மையம். 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் படங்களுக்கு வணக்கம் செலுத்துவதை ஏற்றுக்கொண்டது. யோவானைப் படித்தறியாத தச்சர்களும் வண்ணம் அரைத்தவர்களும் தங்கள் கைவேலையால் அதே வாதத்தைச் செய்துகாட்டினார்கள் என்று நினைக்கிறேன்.

இடைக்கால இத்தாலிய ஓவியங்களின் முகங்களைப் பற்றியும் கதைகளைப் பற்றியும் நிறையப் படித்திருக்கிறோம். அவற்றின் உடம்பைப் பார்க்கவே நான் கிளம்பினேன். துணைக்கு வந்தது சென்னினோ சென்னினி 1400 வாக்கில் எழுதிய கைவினை நூல். ஓவியர் ஜொட்டோவிடம் தாத்தேயோ காதி 24 ஆண்டுகள் தொழில் பயின்றார். தாத்தேயோவின் மகன் அஞ்ஞோலோ தகப்பனிடம் பயின்றார். அஞ்ஞோலோவிடம் தான் 12 ஆண்டுகள் பயின்றதாகச் சென்னினி குருபரம்பரை சொல்லித் தொடங்குகிறார். பலகை அறுப்பது முதல் மெருகு போடுவது வரை ஒரு பட்டறைக்குத் தெரிந்த எல்லாம் அந்த நூலில் இருக்கின்றன. அதைப் படிக்கப் படிக்க எனக்குள் வலுத்தது ஓர் எண்ணம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பொழுது உண்டு. காயும் பொழுது, இறுகும் பொழுது, ஊறும் பொழுது. அந்தப் பொழுதுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவனே கைவினைஞன்.

பிரான்சிஸ் பேராலயத்தின் மேல்தளக் கோவிலில் இதற்கு எதிர்ச்சான்று இருக்கிறது. ஓவியர் சிமாபூவே தீட்டிய சிலுவைப்பாட்டுக் காட்சி பெரிய சுவரொன்றை நிறைத்து நிற்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் முதலில் திகைத்துப்போவார்கள். வெளிச்சம் விழ வேண்டிய இடங்கள் கறுத்தும் நிழல் விழ வேண்டிய இடங்கள் வெளுத்தும், முழுச்சுவருமே புகைப்பட நெகட்டிவாக மாறியிருக்கிறது. காரணம் ஈயவெள்ளை. பலகையில், முட்டையோ எண்ணெயோ பொதிந்திருக்கையில், ஈயவெள்ளை நூற்றாண்டுகள் வெள்ளையாகவே நிற்கும். சுவரில் ஈரமும் காற்றும் படும்போது அது மெல்ல ஈய டை ஆக்சைடாக மாறிக் கறுக்கும். சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளைதான் பொருந்தும். ஈயவெள்ளையைச் சுவரில் இயன்றவரை தவிர்க்கச் சொல்லி, காலப்போக்கில் கறுத்துவிடும் என்று சென்னினி எச்சரிக்கிறார். சிமாபூவேக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்து எழுதியவர் அவர். இடைப்பட்ட காலத்தில் பல சுவர்கள் கறுத்துத்தான் அந்த ஒரு வரி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதே கோவிலின் மேற்கூரையில் ஒரு பகுதி 1997 செப்டம்பர் 26 நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். சிமாபூவே தீட்டிய நற்செய்தியாளர் மத்தேயுவும் தூளானார். பல்லாயிரம் துண்டுகளைப் பொறுக்கியெடுத்துத் தரம் பிரித்து, பொருந்துவனவற்றை மீண்டும் பதித்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் திட்டுத்திட்டாக ஒட்டிய நிறங்களுக்கிடையே வெற்றுச் சாந்து தெரிகிறது. கிடைக்காததை வரைந்து நிரப்பாமல் விட்டிருக்கும் அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அசிசி சுண்ணாம்பின் ஊர் என்றால் சியேனா தங்கத்தின் ஊர். 1260 செப்டம்பர் 4 அன்று மோந்தாபெர்த்தி போரில் புளோரன்சை வென்ற சியேனா மக்கள், போருக்கு முன் நகரத்தையே அன்னை மரியாவுக்கு ஒப்புக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்தி ஊர் முழுக்கப் பலகைகளில் பொன்னாகப் படிந்து கிடக்கிறது. ஊழியர்களின் அன்னை ஆலயத்தில் இருக்கும் மரியா ஓவியத்தை வரைந்தவர் கோப்போ தி மார்க்கோவால்தோ என்ற புளோரன்ஸ்காரர். போரில் சிறைப்பட்டவர் என்று சொல்வார்கள். 1261-இல் அவர் தீட்டிய அன்னையின் முகம் இப்போது மேலே தெரியவில்லை. பிற்காலத்தில் ஓவியர் தூச்சோவின் பாணியில் வந்த ஒருவர் அதன்மேல் வேறு முகம் தீட்டினார். கீழே பழைய முகம் அப்படியே இருப்பதை எக்ஸ்ரே காட்டியது. வணங்கும் படத்தின் முகம் காலத்துக்கு ஏற்ப மாறலாம், ஆனால் வணங்கிய பலகை மாறக்கூடாது என்று அந்த மக்கள் நினைத்திருக்கிறார்கள்.

சியேனாப் பேராலயத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில், வெளிச்சம் குறைத்த ஒரு கூடத்தில், தூச்சோவின் மாயெஸ்தா இருக்கிறது. அரியணையில் அன்னையும் குழந்தையும், சூழ வானதூதர்களும் புனிதர்களும். ஏறத்தாழ 4 மீட்டர் அகலமுள்ள பலகை. 1308-இல் எழுதிய ஒப்பந்தப்படி தூச்சோ தம் கையாலேயே வேலை செய்ய வேண்டும், வேறு வேலை எடுக்கக் கூடாது, வேலை செய்த நாளுக்கு 16 சோல்தி கூலி. பொருள்களைக் கோவில் நிர்வாகமே வாங்கிக் கொடுத்தது. 1311 ஜூன் 9 அன்று அதை அவர் பட்டறையிலிருந்து பேராலயத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். கடைகள் அடைத்திருந்தன. மணிகள் ஒலிக்க, எக்காளம் முழங்க, ஆயரும் குருக்களும் நகர ஆட்சியாளர்களும் மக்களும் எரியும் மெழுகுவர்த்திகளோடு நடந்தார்கள். சியேனாவுக்கு அமைதியையும் தன்னை இவ்வாறு தீட்டிய தூச்சோவுக்கு வாழ்வையும் தருமாறு அன்னையிடம் கேட்கும் வேண்டுதல் அரியணையின் அடியில் எழுதியிருக்கிறது. ஊருக்கான வேண்டுதலோடு தன் பெயரையும் சேர்த்து எழுதும் உரிமை அந்தக் கைவினைஞனுக்கு இருந்தது.

அந்தப் பொன்னுக்குக் கீழே என்ன இருக்கிறது? முதலில் நன்கு உலர்ந்த பாப்ளர் பலகை. அதன்மேல் ஆட்டுத்தோல் துணுக்குகளைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரம். பிறகு பழைய லினன் துணிக் கீற்றுகள். மரம் பருவத்துக்குப் பருவம் ஊதிச் சுருங்கும் அசைவு மேலே ஏறாமல் துணி தாங்கிக்கொள்ளும். துணியின்மேல் முரட்டு ஜிப்சப் பூச்சு, அதற்கும் மேல் நயமான ஜிப்சப் பூச்சு. சுட்ட ஜிப்சத்தில் தண்ணீர் பட்டால் உடனே கல்லாக இறுகும். நயமான பூச்சுக்கு அந்த இறுகும் குணம் ஆகாது. அதனால் அதை நிறையத் தண்ணீரில் போட்டு, ஒரு மாதம், நாள்தோறும் கிளறச் சொல்கிறார் சென்னினி. கிளறக் கிளற அதன் வேகம் அடங்கி, இறுகும் ஆசையை மறந்து மிருதுவாகும். அதை வஜ்ஜிரத்தில் குழைத்து எட்டு முறை பூசி, காய்ந்ததும் சீவி வழவழப்பாக்குவார்கள். ஒரு கோடு வரைவதற்கு முன்பே பட்டறையில் இத்தனை வேலை முடிந்திருக்கும்.

தங்கரேக்கு ஒட்ட வேண்டிய இடத்தில் முட்டை வெள்ளையில் குழைத்த செங்களிமண் பூசுவார்கள். ரேக்கின் ஊடாக அந்தச் சிவப்பு கசிந்து பொன்னுக்குச் சூடு தரும். சியேனாவின் பழைய பலகைகளில் ரேக்கு தேய்ந்த இடங்களில் அந்தச் சிவப்பை வெறுங்கண்ணால் பார்க்கலாம். ரேக்கு பதிக்க இதமான ஈரக்காற்று வீசும் நாளே நல்லது. பிறகு மெருகுக்கல்லால் தேய்க்க வேண்டும். கல் இல்லாவிட்டால் நாய், சிங்கம், ஓநாய், பூனை என ஊன் தின்னும் எந்த விலங்கின் பல்லும் உதவும் என்கிறார் சென்னினி. அதிலும் பொழுது பார்க்க வேண்டும். அடிப்பூச்சு நனைந்திருந்தால் ரேக்கு பிய்ந்துவரும், அதிகம் காய்ந்துவிட்டால் மெருகு ஏறாது. ஒரு டுகாட் நாணயத்திலிருந்து 100 ரேக்குக்கு மேல் தட்டக் கூடாது என்றும், ஆனால் தட்டுகிறவர்கள் 145 எடுக்கிறார்கள் என்றும் அவர் வருந்துகிறார். சரியான கூலி கிடைக்காவிட்டாலும் நல்ல தங்கத்தையும் நல்ல வண்ணத்தையுமே போடச் சொல்கிறார். கடவுளும் அன்னையும் அதற்குரிய பலனை உயிருக்கும் உடலுக்கும் தருவார்கள் என்பது அவர் நம்பிக்கை.

மாயெஸ்தாவுக்கு முன் இடமிருந்து வலமாக மெல்ல நடந்தேன். மெருகேறிய பொன் ஓரிடத்திலிருந்து பார்க்கக் கருமையாகத் தெரிந்து, இரண்டடி நகர்ந்ததும் பற்றியெரிந்தது. ஒளிவட்டங்களில் கீறியும் சிறு அச்சூசிகளால் குத்தியும் செய்த வேலைப்பாடுகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. அச்சூசிகள் பெரும்பாலும் பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டதால், இந்தக் குத்துத் தடங்களை அளந்து எந்தப் பலகை யாருடையது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். மெழுகுவர்த்தியின் சுடர் அசைய அசைய இந்தப் பரப்பு முழுவதும் உயிரோடு அசைந்திருக்கும். தூச்சோ அந்தச் சுடரைக் கணக்கில் வைத்தே தங்கத்தைப் பதித்திருக்கிறார்.

1771-இல் இருபுறமும் தீட்டியிருந்த இந்தப் பலகையை முன்பக்கம் தனியாக, பின்பக்கம் தனியாக அறுத்தார்கள். ரம்பம் அன்னையின் முகத்திலும் ஆடையிலும் காயம் செய்தது. சிறு பலகைகள் பல கைமாறி லண்டன், வாஷிங்டன், நியூயார்க் என்று சிதறிவிட்டன. நகரமே திரண்டு தூக்கிவந்த ஒன்றை நகரமே கூறுபோட்டதை நினைக்க மனம் ஆறவில்லை.

நகர மன்ற மாளிகையில் சிமோனே மார்த்தினி 1315-இல் தீட்டிய மற்றொரு மாயெஸ்தா சுவரில் இருக்கிறது. சுவரோவியம் என்ற எல்லையில் அவர் நிற்கவில்லை. அன்னையின் மார்பில் கண்ணாடிப் பதக்கம் பதித்திருக்கிறார். ஒளிவட்டங்களைச் சாந்தில் புடைப்பாக எழுப்பியிருக்கிறார். குழந்தை இயேசு பிடித்திருக்கும் சுருளுக்கு மெய்யான காகிதத்தையே ஒட்டியிருக்கிறார். பொற்கொல்லரின் ஊரில் வளர்ந்த கண் அது. அங்கிருந்து ஓவியக்கூடத்துக்குப் போனால் பழைய பலகைகளில் அன்னையின் முகங்கள் பச்சை பூத்திருக்கின்றன. உடல் நிறத்துக்கு அடியில் பச்சை மண் பூசுவது அன்றைய முறை. மேலே இளஞ்சிவப்பை மெல்லிய கீற்றுகளாக இழைக்கும்போது கீழிருக்கும் பச்சை அதைக் குளிர்வித்து உயிருள்ள தோலாக்கும். நூற்றாண்டுகளாகத் துடைத்துத் துடைத்து மேல்நிறம் போய்விட, மறைந்திருக்க வேண்டிய பச்சை வெளியே வந்துவிட்டது.

சியேனாவிலிருந்து வடக்கே போகும் வழியில் ஒரு குன்றின் முதுகில் நீண்டு கிடக்கிறது கோல்லே தி வால் தெல்சா. சென்னினி பிறந்த ஊர். இன்று படிகக் கண்ணாடிக்குப் பேர்பெற்றது; இடைக்காலத்தில் இதன் ஓடைகள் காகித ஆலைகளை ஓட்டின. பழைய மேட்டு ஊரின் தெருக்களில் கூட்டமில்லை. மதில் ஓரம் நின்றால் உழுத நிலங்களும் ஒலிவ மரங்களும் தெரிகின்றன. உழவு விழுந்த இடங்களில் மண் ஒரே நிறமாக இல்லை. சாம்பல், மஞ்சள், துருச்சிவப்பு என்று பட்டை பட்டையாக மாறிக்கொண்டே போகிறது.

ஒருநாள் தன் தகப்பன் அந்திரேயா இந்த ஊர்ப் பக்கம் ஒரு காட்டுச் சரிவுக்குத் தன்னை அழைத்துப் போனதைச் சென்னினி எழுதியிருக்கிறார். மண்வெட்டியால் சுரண்டியதும் மஞ்சள் காவி, அடர்ந்தும் வெளிர்ந்தும் செங்காவி, நீலம், வெள்ளை என்று மண்ணடுக்குகள் வெளிப்பட்டனவாம். மலையின் முகத்தில் ஒரு தழும்பாக அந்த நிறம் ஓடியதாக அவருக்குத் தோன்றியது. அந்த மஞ்சளைத் தன் வேலையிலும் பயன்படுத்தி, எத்தனையோ காவிகளைப் பார்த்தும் இதைவிட மேலானதைக் கண்டதில்லை என்று சொல்கிறார். கணக்கும் செய்முறையும் நிறைந்த நூலில் தகப்பனும் மகனும் வரும் பக்கம் இது ஒன்றுதான் என் நினைவில் ஒளிர்கிறது. உயர்ந்த நீலம் கடல் கடந்து வரலாம். ஆனால் புனிதர்களின் தாடிக்கும் மலைகளுக்கும் மரச்சிலுவைக்கும் ஊர் மண்ணே போதும். ஆண்டவர் நடந்த நாட்டை அவர்கள் தங்கள் காலடி மண்ணால் தீட்டினார்கள்.

இந்த மண்ணைப் பலகையில் நிறுத்துவது முட்டையின் மஞ்சள் கரு. அதிலும் அவர் தேர்வு சொல்கிறார். நகரத்துக் கோழி இடும் முட்டையின் கரு வெளிர்ந்திருக்கும், இளமுகங்களுக்கு அது ஏற்றது. நாட்டுப்புறக் கோழியின் கரு செக்கச்சிவந்திருக்கும், முதியவர்களுக்கும் கறுத்த மேனியருக்கும் அதைப் பயன்படுத்தலாம். முட்டைக்கரு தொட்ட மாத்திரத்தில் காய்ந்துவிடும். பலகைமேல் வைத்து ஒரு நிறத்தை இன்னொன்றோடு குழைக்க அவகாசமே கிடையாது. அதனால்தான் இந்த ஓவியங்களில் கன்னத்தின் உருட்சிகூட நூற்றுக்கணக்கான மெல்லிய கீற்றுகளால் ஆனது. அந்தப் பொறுமை ஒரு பாணியாகத் தோன்றுகிறது. அதைக் கற்பித்தது முட்டை.

புளோரன்சில் ஓவியர்கள் மருத்துவர்களும் மருந்துக்கடைக்காரர்களும் சேர்ந்த சங்கத்தில் உறுப்பினராக இருந்தார்கள். வண்ணப்பொடி விற்றதும் மருந்துக்கடைகளே. சாதிலிங்கத்தைப் பொடியாக வாங்காதே, கட்டியாக வாங்கு என்கிறார் சென்னினி. பொடியில் செங்கல் தூளும் ஈயச் சிவப்பும் கலந்துவிடுவார்கள். வாங்கிய கட்டியை நாள்தோறும் 20 ஆண்டுகள் அரைத்தாலும் அது மேலும் மேலும் சிறக்குமே தவிரக் கெடாதாம்.

நீலத்தின் கதை நீண்டது. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில், சர்-இ-சங் சுரங்கங்களில் வெட்டிய லாபிஸ் லாசுலிக் கல், வணிகச் சாத்துகளில் ஏறி வெனிஸ் வழியாக இங்கே வந்தது. அந்த நாட்டு நீலத்தைப் பற்றி மார்க்கோ போலோவும் எழுதியிருக்கிறார். கல்லை வெறுமனே அரைத்தால் சாம்பல் பூத்த பொடிதான் கிடைக்கும், அதில் வேறு கனிமங்கள் கலந்திருப்பதால். எனவே பொடியைப் பைன் பிசின், மாஸ்டிக், மெழுகு ஆகியவற்றோடு சேர்த்துப் பிண்டமாக்கி மூன்று நாளாவது ஊறவைப்பார்கள். பிறகு சாம்பல்காரத் தண்ணீரில் அந்தப் பிண்டத்தை, சப்பாத்தி மாவு பிசைவதைப் போல, அமுக்கிப் பிசைய வேண்டும். மாசுகளைப் பிசின் பிடித்துவைத்துக்கொள்ள, நீலம் மட்டும் தண்ணீரில் இறங்கும். முதலில் இறங்குவதே உயர்ந்தது. கடைசியில் வருவது சாம்பல். 15-ஆம் நூற்றாண்டில் புளோரன்ஸ் மதிலுக்கு வெளியே இருந்த இயேசுவாத்தித் துறவியர் இந்த நீலம் செய்வதில் பேர்பெற்றிருந்தார்கள். இத்தனை தொலைவும் இத்தனை உழைப்பும் கடந்து வந்த நீலத்தை அன்னையின் மேலாடைக்கு வைத்தார்கள். வாங்கிக் கொடுத்தவரின் காணிக்கை எவ்வளவு என்பது அந்த ஆடையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

சிவப்பின் வழி நம் பக்கம் திரும்புகிறது. ஆடைகளின் ஆழ்ந்த சிவப்புக்குச் சென்னினி பரிந்துரைக்கும் நல்ல வண்ணம் அரக்கிலிருந்து எடுத்தது; அரக்கு இந்தியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் போனது. சாயமரமான பதிமுகமும் அப்படியே. 1340 வாக்கில் பிரான்செஸ்கோ பெகோலோத்தி எழுதிய வணிகக் கையேடு பதிமுக வகைகளைப் பட்டியலிடும்போது கொல்லத்துச் சரக்கைத் தனியே குறிக்கிறது. கேரளத்தில் இன்றும் குடிநீரில் போட்டுக் காய்ச்சுகிறார்களே, அதே மரம். பெகோலோத்தி பார்தி வங்கியின் ஆள். பார்தி குடும்பத்தின் சிற்றாலயம் புளோரன்சின் சாந்தா குரோச்சே ஆலயத்தில் இருக்கிறது. அதில் பிரான்சிசின் வாழ்க்கையைத் தீட்டியவர் ஜொட்டோ. கல் யாசித்த ஏழையின் கதைக்கு உலக வணிகத்தின் செல்வம் சுவர் கொடுத்தது. இந்த முரணை அன்றைய பிரான்சிஸ்கன் துறவியரே தங்களுக்குள் தீராமல் வாதிட்டார்கள்.

அந்த ஆலயத்தின் திருப்பண்ட அறையில் சிமாபூவேயின் பெரிய சிலுவை உயரத்தில் தொங்குகிறது. 4 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு நகருக்குள் புகுந்தபோது இது ஆலயத்தின் பழைய உணவுக்கூடத்தில் இருந்தது. சேறும் எரியெண்ணெயும் கலந்த வெள்ளம் அதை விழுங்கியது. மரம் நீர் குடித்து வீங்கியது. கீழிருந்த ஜிப்சம் இளகியது. வண்ணம் சுமார் 60 விழுக்காடு உதிர்ந்தது. சேற்றில் மிதந்த வண்ணத் துணுக்குகளை வடிகட்டிப் பொறுக்கினார்கள். பிறகு தொடங்கியது காயவைக்கும் வேலை. அவசரப்பட்டு உலர்த்தினால் மரம் சட்டென்று சுருங்கி, எஞ்சியதையும் உதறிவிடும். போபோலி தோட்டத்தின் எலுமிச்சை மாடத்தில் காற்றின் ஈரத்தைப் படிப்படியாகக் குறைத்து உலர்த்தினார்கள். மரத்தின் பொழுதுக்கு மனிதர்கள் காத்திருந்தார்கள். உம்பெர்த்தோ பால்தினியும் ஓர்னெல்லா கசாட்சாவும் செய்த சீரமைப்பு 1976-இல் முடிந்தது. இழந்த இடங்களை ஊகித்து வரையாமல், மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்புக் கீற்றுகளால் நெய்து நிரப்பினார்கள். தூரத்திலிருந்து கண் இடறாமல் ஓடுகிறது, அருகே வந்தால் எது சிமாபூவே, எது இழப்பு என்று தெளிவாகத் தெரிகிறது. கிறிஸ்துவின் முகத்தில் பாதி இல்லை. உடலெடுத்த கடவுளின் படம், உடலுக்கு நேர்வதெல்லாம் தனக்கும் நேர, அங்கே தொங்குகிறது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

அடுத்து பதுவை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களுக்குப் பதுவை என்றால் புனித அந்தோனியார். ஓவியம் நாடி வருகிறவர்களுக்கு இது ஜொட்டோவின் ஊர். 1305 மார்ச் 25 அன்று அபிஷேகம் ஆன ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயத்தைக் கட்டியவர் என்ரிக்கோ ஸ்க்ரொவேஞ்ஞி. வட்டித்தொழிலில் பெயர்போன அவர் தகப்பன் ரெஜினால்தோவைத் தாந்தே நரகத்தில் வைத்தார். உள்ளே போகுமுன் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்கார வேண்டும். நம் உடம்பின் ஈரமும் தூசியும் சுவரைத் தீண்டாதிருக்க இந்த ஏற்பாடு. ஒரு புனித இடத்துக்குள் நுழையும் முன் செய்யும் ஆயத்தமாகவே அதை நான் எடுத்துக்கொண்டேன்.

உள்ளே நான்கு பக்கமும் நீலம். ஆனால் நான் தேடியது சாந்தின் இணைப்புக் கோடுகளை. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீற்றி, மணலோடு குழைத்த சாந்தை அன்றன்று தீட்டக்கூடிய அளவுக்கு மட்டுமே பூசுவார்கள். அது ஈரமாக இருக்கையில் நீரில் கரைத்த நிறத்தை வைத்தால், சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உள்வாங்கிக் கல்லாக மாறும்போது நிறத்தையும் தன்னோடு பூட்டிக்கொள்ளும். பொழுது தாண்டினால் பிடிக்காது. மறுநாள் திருத்த வேண்டுமானால் கொத்தியெடுத்துவிட்டுப் புதுச்சாந்து பூச வேண்டும். பக்கவாட்டில் விழும் ஒளியில் அந்த நாள்வேலையின் எல்லைகள் மெல்லிய வரம்புகளாகத் தெரிகின்றன. வானத்துக்கு அகலமான நாள், முகத்துக்குச் சிறிய நாள். இறந்த மகனை மடியில் கிடத்தி முகத்தோடு முகம் வைக்கும் தாயின் காட்சியில், அந்த இரு தலைகளைச் சுற்றி ஜொட்டோ எடுத்துக்கொண்ட அவகாசத்தைச் சுவரே சொல்கிறது. ஒன்றின் விளிம்பு மற்றொன்றின்மேல் ஏறியிருப்பதைக் கொண்டு எது முன்னே, எது பின்னே என்றும் வரிசை கட்டிவிடலாம்.

அன்னையின் நீல ஆடைகள் பல இடங்களில் உதிர்ந்து அடிப்பூச்சு தெரிகிறது. நீலம் ஈரச்சாந்தோடு இசையாது. காய்ந்த சுவரின்மேல் பசையில் குழைத்துத் தனியே வைக்க வேண்டும். சுண்ணாம்பின் பூட்டுக்குள் அகப்படாத அந்த நிறம் முதலில் உதிர்ந்தது. மிக விலையுயர்ந்தது போய்விட, மலிவான காவியும் பச்சை மண்ணும் 700 ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன.

1398-இல் சென்னினி இந்தப் பதுவையில், ஊரை ஆண்ட கர்ராரா பிரபுவின் பணியில் இருந்தார். தன் குருவின் குருவுக்கும் குரு தீட்டிய இந்தச் சுவர்களை அவர் பார்க்காதிருந்திருக்க முடியாது. அவர் கையால் ஆனவை என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஓவியங்கள் அரிது, நூல் நிலைத்தது. அதன் பழைய பிரதி ஒன்று 1437-இல் புளோரன்சின் ஸ்தின்கே சிறையில் எழுதியது. 1821-இல்தான் முதல் அச்சுப் பதிப்பு. 1899-இல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்த கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அந்தச் செய்முறைகளைத் தாமே செய்துபார்த்து முட்டை வண்ண ஓவியத்தை மீட்டெடுத்தவர். பின்னர் அவர் அஜந்தாவுக்கு வந்து குகைச் சுவர்களைப் படியெடுத்தார். 1909 முதல் 1911 வரை நடந்த அந்த வேலையில் அவரோடு அமர்ந்த இளைஞர்களில் ஒருவர் நந்தலால் போஸ். அப்படிக் கோல்லே ஊர்க்காரர் மண்வெட்டியால் சுரண்டிய அறிவு, கைக்குக் கை மாறி நம் ஓவியர்களின் பக்கத்திலும் வந்து உட்கார்ந்தது.

ஓவிய வரலாறு ஜொட்டோவின் பெயரையும் தூச்சோவின் பெயரையும் சொல்லும், சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஒரு மாதம் ஜிப்சத் தொட்டியைக் கிளறியவன், தோல் காய்ச்சி வஜ்ஜிரம் எடுத்தவன், விடியலில் அன்றைய சாந்தைப் பூசிக் கொடுத்தவன், இவர்களில் யார் பொழுது தவறியிருந்தாலும் அந்த முகங்கள் இன்று இருந்திருக்காது. பக்தி என்று நாம் அந்தப் படங்களில் உணர்வது தீட்டிய கண்களில் மட்டும் இல்லை. அது கீழே, எட்டாவது பூச்சிலும் முதல் பூச்சிலும், பார்க்க யாரும் இல்லாதபோதும் ஒழுங்காகச் செய்த வேலையில் இருக்கிறது. ஒரு திருவுருவத்தின் முன் நிற்கும்போது அந்த வேலையையும் சேர்த்து வணங்குவதே முறை.